இரண்டு இன்ச்சுக்கு இரண்டு கோடு

எங்கள் பம்ப் பட்டறை பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி வரும். லேத் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் ஆகிவிடும். கண் திறந்தபடியே கனவு காண்பேன். பெரிய கனவெல்லாம் இல்லை. அப்பாவின் பட்டறையிலேயே கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பாவோ சிங்காநல்லூரில் ஒரு மில் ஆபீசில் எனக்கு வேலை சொல்லிவைத்துவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

பம்ப் பெட்டியில் எந்த அளவு பைப் பொருந்தும் என்று லேபிள் அடிக்க, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். அதில் எந்த வார்த்தையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் பைப் அளவுக்கு இன்ச் என்று எழுதுவதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில், அந்த மேற்கோள் குறி போலவே இரண்டு கோடுதான். "2" பைப்" என்று அடித்தால், நடுவிலேயே பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டது. போய்த் தொலை என்று அந்த இரண்டு கோட்டையும் பைப் என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டேன். லேபிளில் பெரிதாக 2 மட்டும் வந்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மேட்டுப்பாளையம் கடைக்காரர் போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, ஒண்ணரை ஹெச்.பி. கேட்டா ரெண்டு ஹெச்.பி. அனுப்பிப்போட்டீங்க?"

உள்ளே இருந்தது அவர் கேட்ட மோட்டார்தான். ஆனால் பெட்டியில் வெறும் எண்ணைப் பார்த்தால் எங்கள் பக்கம் எல்லோரும் மோட்டாரின் குதிரைத்திறன், அதாவது ஹெச்.பி. என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அப்பா திட்டவில்லை. "உடு கண்ணு, பழையபடி மார்க்கர்லயே எழுதிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம், தூறலில் மலையே தெரியவில்லை. தேடித் தேடிக் கண்டுபிடித்தேன்: இன்ச் கோட்டுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட வேண்டும். அந்தச் சாய்ந்த கோடு இருந்தால், அடுத்து வருவது முடிவல்ல, வெறும் எழுத்துதான் என்று கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். "2\" பைப்" என்று அடித்தேன். அடேயப்பா! சாய்ந்த கோடு மறைந்து, 2" பைப் என்று லேபிள் வெதுவெதுப்பாக வெளியே வந்தது.

அப்பா அதை வாங்கிப் பெட்டியில் தானே ஒட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு போனை எடுத்தார். மேட்டுப்பாளையத்துக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, நம்ம புள்ள திங்கக்கிழமை மில்லுக்கு வரலீங்க. இங்க பட்டறையிலயே வேலை இருக்குதுங்க."