மழை விட்டதா என்று கேட்டார் லெப்டினன்ட்

நெஹ்ரிங் அண்ணனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சிலேசியாவில் கூரை ஓடு மாற்றுகிற வேலை பார்த்தவர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை கால் ஓடாது. ஜெர்மன் பட்டாளத்தில் அவரை எங்கள் மோர்ட்டாருக்குத் தலைவராகப் போட்டார்கள். தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முழங்கால் உயரக் குழாய் ஒன்று, ஆள் மூன்று பேர். அவர் குறி பார்த்து விசையை இழுப்பார், நான் குண்டு போடுவேன், மூன்றாமவன் பெட்டி சுமப்பான்.

அந்தக் குண்டின் மூக்கு இருக்கிறதே, சனியன், மேலே ஒரு கிளை பட்டாலே வெடிக்கும். கனமழையில் துளி பட்டுக்கூட வெடிக்கும் என்று, அப்போது சுடவே தடை. அதனால் சுடுமுன் அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

"என்னண்ணே, மேல ஓடு ஒழுகுதா?" என்று சீண்டுவேன்.

"ஒழுகினா உன் மண்டையிலதான்டா மொதல்ல விழும். மூடு."

நாற்பத்திரண்டு ஜூலை, ரஷ்யாவில் ஓர் ஊரைக் கொளுத்தினோம். நாங்கள்தான், வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு வயல் வழியாகக் காட்டைப் பார்த்து ஓடியது. லெப்டினன்ட் கையை நீட்டி, "போடுங்கடா" என்றார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது.

"முடியாது சார். இந்த மழையில போட்டா நம்ம தலைக்கு மேலயே வெடிக்கும்," என்றார் அண்ணன்.

சட்டம் அவர் பக்கம். லெப்டினன்ட் பல்லைக் கடித்தார்.

எங்கள் குண்டு ஐந்நூறு மீட்டர்தான் போகும். அதைத் தாண்டிவிட்டால் அவர்கள் பிழைத்தார்கள். சேற்றில் கால் புதைந்து ஒரு கிழவர் விழுந்தார். இரண்டு பெண்கள் திரும்பி வந்து தூக்கினார்கள். அண்ணன் உட்கார்ந்தார், எழுந்தார், தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். மழை நிற்கக் கூடாது என்று மனசுக்குள் கும்பிடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கோ தொப்பலாக நனைந்து பல் கிட்டியது. இந்தக் கண்றாவி முடிந்தால் எங்காவது ஒதுங்கலாமே என்று பறந்தேன்.

மழை குறைந்தது.

"துளி இன்னும் பெருசா இருக்கு சார்," என்றார் அண்ணன்.

லெப்டினன்ட் என் பக்கம் திரும்பினார். "டேய் எவால்ட், நீ சொல்லு. மழை விட்டுச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் சடசடவென்று விழுந்துகொண்டுதான் இருந்தது.

"விட்டுடுச்சு சார்."

அண்ணன் குழாயை விட்டு எழுந்தார். "என்னால ஆகாது சார். இவனையே உட்கார வைங்க."

அவரைத் துப்பாக்கி முனையில் கூட்டிப்போனார்கள். அப்புறம் அவரை யாருமே பார்க்கவில்லை. அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பெட்டியில் பத்துக் குண்டு, பத்தையும் போட்டேன். முன்னே ஓடியவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். கிழவரைத் தூக்கியவர்கள் போகவில்லை.

சாயங்காலம் பட்டாணி சூப் சுடச்சுட ஊற்றினார்கள். பாவி நான், குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டேன்.