கூரை ஏறிய கேசியா

சித்தூரில் பஸ் ஏறும்போதே கேசியாவுக்கு இடுப்பு வலி தொடங்கிவிட்டது. நகரி வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. தோளில் ஒரு சின்ன சோலார் பேனல், கையில் லேப்டாப் பை. அரசுப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் 'பசுமை வேலைகள்' பற்றிச் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் வருடா வருடம் ஒப்பந்தம் போட்டு அவளை வைத்திருந்தது.

நகரி தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் பாலையா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"பரீட்ச நேரம் மேடம். ஒரு பீரியட்தான். தொந்தரகா, சீக்கிரமா முடிச்சிடுங்க."

அவள் படங்களைத் திரையில் ஓட்டினாள். காற்றாலை, மின்சார வண்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு. லட்சக்கணக்கான வேலைகள் காத்திருக்கின்றன என்று நிறுவனம் எழுதித் தந்த வரிகளைப் படித்தாள். எத்தனையோ பள்ளிகளில் படித்த வரிகள். வாய் தானாகச் சொல்லியது. பின்வரிசையில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் காஞ்சனா, அவள் அம்மா விசைத்தறியில் வேலை செய்பவள்.

"மிஸ், நீங்க இத படிச்சீங்களா? ஒங்களுக்கு அந்த வேல கெடச்சுதா?"

யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. கேசியா லேப்டாப்பை மூடினாள்.

"கெடச்சுது. அப்புறம் பூட்ச்சு" என்றாள்.

திருப்பதியில் ஒரு சோலார் கம்பெனியில் சேர்ந்ததைச் சொன்னாள். வீட்டு மாடிகளில் பேனல் பொருத்தும் வேலை. அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். 'ஆம்பள வரலியா' என்று கேட்டு ஒரு வீட்டுக்காரர் கதவைச் சாத்தியதையும், சித்திரை வெயிலில் இரும்புச் சட்டம் தொட்டு உள்ளங்கை கொப்புளித்ததையும் சொன்னாள். தான் இணைத்த கம்பியில் முதல் விளக்கு எரிந்தபோது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாள். பிறகு கம்பெனி கடையைக் கட்டியது.

தூங்கியவர்களும் நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஷாக் அடிச்சிகீதா மிஸ்?"

"அடிச்சிகீது. அன்னிக்கு நைனா கிட்ட சொல்லல."

சிரிப்பு எழுந்தது. மணி அடித்தும் யாரும் எழவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாலையா உள்ளே வந்தார்.

"எங்க ஸ்கூல் மேல கூட பேனல் கீது மேடம். ரொம்ப நாளா பனி செய்யல, லைட்டே எரியறதில்ல. பாக்கறீங்களா?"

சேலையைச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். காஞ்சனாவும் பின்னால் ஏறினாள். பேனல்கள் நன்றாகத்தான் இருந்தன. கீழே இருந்த இன்வெர்ட்டர் கருகிப்போயிருந்தது. புதிதாக வாங்கினால்தான் உண்டு.

"இன்னிக்கு எரியாது" என்றாள் கேசியா. ஆனாலும் பையிலிருந்த மீட்டரைக் காஞ்சனா கையில் கொடுத்து, பேனலில் மின்சாரம் வருவதை மட்டும் காட்டினாள். காஞ்சனா மீட்டரில் அசையும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஒரு போன் வந்தது. காஞ்சனாவுக்குத் திருப்பதி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் கிடைத்திருந்தது. பேசியது அவள் அம்மா யசோதா.

"படிச்சா வேல வந்துடுமாம்மா?"

"வரும்னு நான் சொல்லமாட்டேன்கா. எனக்கே வந்துட்டு பூட்ச்சு."

"அப்போ இன்னாத்துக்கு அனுப்பணும்?"

கேசியா சொன்னாள்: "இங்க வேல பூட்டாலும் கத்துக்கினது எங்கயும் பூடாதுக்கா. இப்பவும் ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஆராதன முடிஞ்சி, ரைதுங்க நெலத்துல சோலார் மோட்டாரு ரிப்பேருக்குப் போறேன். கூப்டறாங்க."

எதிர்முனையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி யசோதா கேட்டாள்:

"ஆஸ்டல்ல சோறு நல்லா போடுவாங்களா?"

அது கேசியாவுக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். மறுநாள் திருப்பதிப் பக்கம் ஒரு பள்ளி. அது முடிந்து கால் கடுத்தாலும், நேரே வீட்டுக்குப் போகாமல் அந்த விடுதிக்கு ஆட்டோ பிடித்தாள்.