நம்ம டாக்டருக்கு ஒரு கடிதம்

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த அன்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை தன்னிடம் வந்தால் போதும், நடுவில் பட்டாபிராமிலேயே எங்கள் குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எந்த வலி வந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது.

மறுநாளே கொண்டுபோனேன். எங்கள் டாக்டரின் அறைக்குப் பாதிக் கதவுதான். அவர் பேசுவது வெளியே பெஞ்சு முழுக்கக் கேட்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம் என்பதெல்லாம் தெருவுக்கே அத்துப்படி. அன்று பெஞ்சில் எங்கள் சர்ச் ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு அப்போதுதான் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். தெருவுக்குத் தெரியக் கூடாதென்று ஐயப்பன்தாங்கலில் மனைவியின் அக்கா வீட்டில் தங்கித்தான் சிகிச்சையையே முடித்திருந்தோம். கடிதத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, இல்லாத இருமலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கோழை நான்.

"லெட்டர் குட்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"குட்த்துட்டேன். பாத்துக்கிறேன்னாரு."

ஏழெட்டு மாதம் கழித்து அவளுக்கு முதுகுவலி வந்தது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார். "குனிஞ்சு வேலை செய்யாதம்மா," என்றார். நான் பக்கத்திலேயே நின்று சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள். "பெஞ்சுல கேக்கும்னு அந்தப் பேச்சையே எடுக்கல பாருங்க. தங்கமான மனுஷன்."

நானும் ஆமாம் போட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை போனோம், அதே மாத்திரைதான். அவருக்குத் தெரிந்துதான் தருகிறார் என்று அவள் நிம்மதியாக விழுங்கினாள்.

வருடப் பரிசோதனையில், நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது தெரிந்தது. "முதுகுவலின்னா உடனே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தேனே?" என்றார் பெரிய டாக்டர்.

அந்த வரனும் வேறு ஏதோ காரணத்தில் தட்டிப்போனது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைகிறோம். கிளினிக்கைத் தாண்டும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "எல்லாம் தெரிஞ்சிகினே வுட்டுட்டாரே," என்கிறாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதோ பேசிவிடுகிறேன். கடிதம் இன்னும் என் பீரோவில், பழைய சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்றுக் குடும்ப ஜெபத்தில், அந்த டாக்டரை மன்னிக்கிற மனசைத் தாரும் ஆண்டவரே என்று அவள் அழுதுகொண்டே வேண்டினாள்.

பக்கத்தில் மண்டியிட்டிருந்த நான் ஆமென் சொன்னேன்.