வரிசைக்கு ஒன்று கூடிய ரேடியோ உறை

எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்த வருஷம், திருச்சியிலிருந்த நாத்தனாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ரேடியோவுக்குக் குரோஷா உறை ஒன்று பின்னிக்கொண்டிருப்பதாகவும், கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அந்தக் கலையில் பரிசு வாங்கியவள் நான் என்றும் அதில் இருந்தது. ஊசியைத் தொட்டு இருபது வருஷமாகியிருந்தது. பரிசு வாங்கியவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

'ஞாயிற்றுக்கிழமை வாரேன், உறையைப் பார்க்கணும்' என்று பதில் வந்துவிட்டது.

நூல்கண்டோடு வந்த செய்முறைத் தாள் இங்கிலீஷில் இருந்தது. தடித்தடியான இங்கிலீஷ் நாவல்களை அகராதி இல்லாமல் படித்தவள் என்ற திமிரோடு உட்கார்ந்தேன். அதில் ஒரு முழு வாக்கியம் கிடையாது. சி.எச். மூன்று, தையலுக்கு ஒரு டி.ஆர்., நட்சத்திரக் குறி, திரும்பு. சி.எச். என்றால் சங்கிலி, டி.ஆர். என்றால் நெட்டைத் தையல் என்பதுவரை ஞாபகம் வந்தது. வரிசைத் தொடக்கத்தில் போடும் மூன்று சங்கிலி முதல் நெட்டைத் தையலாகக் கொள்ளப்படும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டு, சங்கிலியையும் போட்டு, முதல் தையலையும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை, எங்கள் வயலைப் பார்ப்பவரின் மனைவி முற்றத்தில் நெல் அளந்துகொண்டிருந்தாள். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் போட்டு மரக்காலைக் கவிழ்த்தவள், என் மடியைப் பார்த்தாள்.

"என்னங்கம்மா, விசிறியா பின்றீங்க?"

"ரேடியோவுக்கு உறை."

"ரேடியோ இங்கிட்டு ஒல்லி, அங்கிட்டு குண்டா?"

எழுதியிருக்கிறபடிதான் செய்கிறேன் என்று ரோஷத்தோடு அந்தக் குறிப்பைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப அந்தச் சங்கிலிதானேங்க லாபம்! லாபம்னு ஒரு மரக்காலைப் போட்டுட்டு, மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுனா நெல்லு கூடிப்போயிராது?"

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த கணக்கு. தாள் இங்கிலீஷில் இருந்ததால் எனக்குத் தோன்றவே இல்லை.

மொத்தத்தையும் பிரித்தேன். சனிக்கிழமை சமையலைத் தயிர்சாதத்தோடு முடித்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை லாபம் சொல்லிப் பின்னினேன். ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தது.

மறுநாள் நாத்தனார் வந்து, காபியைக்கூட வாங்காமல் நேராக ரேடியோவிடம் போனாள். உறையைத் தூக்கினாள், திருப்பினாள், ஓரத்தை விரலால் நீவினாள். நான் அடக்கமாக நிற்பதற்குத் தயாரானேன்.

"நெசத்தைச் சொல்லுங்க அண்ணி," என்றாள் குரலைத் தாழ்த்தி. "அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன். எந்தக் கடையில வாங்குனீங்க?"