தாலிக்குப் பிறகுதான் கையெழுத்து

பேராதனையில் கலஹா பஸ்ஸில் ஏறியபோது என்னிடம் இரண்டு பெட்டிகளும் ஒரு கோப்பும் நிறையக் கோபமும் இருந்தன. என் கல்யாணம் உண்மையானது என்று காட்டும் காகிதங்கள் கோப்பில் இருந்தன. கோபம், அவை போதாது என்று எழுதியிருந்த விசா அதிகாரி மீது.

ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குக் கொண்டுபோகப்பட்டவள் நான். டொரொன்டோவில் வளர்ந்தேன். என் கணவர் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார். கொழும்பில் என் சித்தி வீட்டில் அவர் ஒரு பயிற்சிக்காகத் தங்கியிருந்தபோது, விடுமுறையில் வந்த நான் அவரைச் சந்தித்தேன். ஒன்றரை வருடம் தொலைபேசியில் கதைத்தோம். பிறகு ஒன்பது நாள் லீவில் வந்து, பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய், அவரை அழைக்க விண்ணப்பித்தேன்.

அது இழுபட்டது. ஒரு மாதமாவது வந்து என்னோடு இருக்கட்டும் என்று அவர் விசிட் விசாவுக்குப் போட்டார். மனைவி அங்கே இருப்பதால் இவர் திரும்பி வரமாட்டார் என்று ஒரு கந்தோர் மறுத்தது. இரண்டு மாதம் கழித்து, இவள் இவருக்கு மனைவிதானா என்று தெரியவில்லை, இன்னும் அத்தாட்சி தேவை என்று இன்னொரு கந்தோர் எழுதியது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். அவர் வர முடியாவிட்டால் நான் போகிறேன் என்று டிக்கெட் போட்டேன். அவருடைய வீட்டில் மூன்று கிழமை இருந்து, வேண்டிய அத்தாட்சியை அள்ளிக்கொண்டு வருவதுதான் திட்டம்.

இலங்கையில் பிறந்தவள்தான், ஆனால் மலைநாட்டை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் கீழே விட்டுவந்த றோட்டு தெரிந்தது. அதற்கும் கீழே அதே றோட்டு இன்னொரு முறை தெரிந்தது. தேயிலை, மலையின் உச்சிவரை யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல இருந்தது. அவ்வளவு செங்குத்தான இடத்தில் மனிதர் நின்று நட்டிருக்கிறார்கள் என்று நம்பவே முடியவில்லை. ஒரு திருப்பத்தில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, முன்சீட்டில் இருந்தவரின் தலையை மறைத்துவிட்டு மறுபக்கத்தால் போனது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாய மூடுங்க, பனி உள்ள போயிரும்,” என்றார் என்னைக் கூட்டிப்போக வந்து பக்கத்தில் இருந்த என் கணவர். அப்போதுதான் என் வாய் திறந்திருந்தது தெரிந்தது. கோபம் எந்த வளைவில் இறங்கிப் போனதென்று தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு அவர்களுடையது. முன்னால் ஒரு அறை புதிதாகக் கட்டியிருந்தார்கள். மாமி படியில் நின்றார். மெலிந்த, நிமிர்ந்த பெண். நாற்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். என் கணவர் ஒரே பிள்ளை. மாமி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். பிறகு தேத்தண்ணி தந்தார். அது முடிந்ததும் என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த தன் தங்கை வீட்டுக்கு நடந்தார். நான் அங்கேதான் படுக்க வேண்டுமாம்.

தாலி கட்டவில்லை. அதோடு அது ஆடி மாதம்.

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. எழுத்து எழுதிப் பதிவது கந்தோருக்கு, கல்யாணம் தாலியோடு என்றுதான் என் அம்மாவும் சொல்லுவா. விசா கிடைத்து மாப்பிள்ளை வந்து இறங்கியதும் டொரொன்டோவில் ஒரு பெரிய கல்யாண ஹோல் எடுத்துச் செய்வதென்று அவ முடிவெடுத்திருந்தா. ஆனால் ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்தவளை நாலு வீடு தள்ளி வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்புக்காகவும் அவரோடு அன்றைக்கு முழுவதும் நான் கதைக்கவில்லை.

ஒரு கிழமை போனது. ஃபோன் நிறையப் படங்கள். எல்லாவற்றிலும் நான் பெண்களுக்கு நடுவில் இருந்தேன். அவர் ஓரத்தில், சிலவற்றில் பாதித் தோள் மட்டும். நான் அவரைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினால் யாராவது ஒரு பெண் மெதுவாக, “தம்பி, இங்கிட்டு வா,” என்பார். முப்பத்திரண்டு வயது வாத்தியார் உடனே அங்கிட்டுப் போவார். அந்தப் படங்களை அதிகாரியிடம் கொடுத்தால், நான் சித்திமாரைக் கட்டியிருக்கிறேன் என்றுதான் நினைப்பார்.

ஒரு நாள் காலை மாமியோடு மலைக்குப் போனேன். அதை என்னால் இன்றைக்கும் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிவதில்லை. அந்தச் சரிவில் நிற்பதற்கே எனக்கு ஒரு தேயிலைச் செடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமி தலையில் பையின் கயிற்றை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தார். இரண்டு கைகளும் தனித்தனியாக வேலை செய்தன. கண் கையில் இல்லை. மேல் நிரையில் நின்ற பெண்ணோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து விரலுக்குத் தானாக வந்து சேர்ந்து, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பைக்குள் போனது. நானும் பறித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி. மாமி அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பிறகு நான் பார்க்கவில்லை என்று நினைத்து, முற்றிய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். பனி விலகியபோது ஹந்தானை மலைப் பக்கம் முழுவதும் ஒரே தடவையில் தெரிந்தது. இவ்வளவையும் விட்டுவிட்டா இந்த மனிதர் என்னோடு வரப்போகிறார் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

இறங்கும்போது மாமி இரண்டு கேள்வி கேட்டார். பிளேனில் எவ்வளவு நேரம். அங்கே குளிருக்குத் தலையில் என்ன போடுவார்கள். நான் கம்பளித் தொப்பி பற்றி விளக்கமாகச் சொன்னேன்.

படங்கள் சரிவராது என்று தெரிந்ததும், எங்களை நேரில் அறிந்தவர்களிடம் கடிதம் வாங்குவதென்று முடிவெடுத்தேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு கடிதம் எழுதி, கண்டி டவுனுக்குப் போய்ப் பன்னிரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லயத்துப் பெண்கள் எல்லோரும் முன்னறைக்கு வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தோம். என் கணவர் தன் வகுப்புக் குரலில் வாசித்தார். இவர்கள் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்து வருவதை நான் நேரில் அறிவேன்.

ஒருவரும் பேனையைத் தொடவில்லை. மாமியின் தங்கை தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். கடைசியில் மாமிதான் சொன்னார்.

“புள்ள ராவைக்கு தங்கச்சி வீட்டுலதானே படுக்குது. வாழ்ந்து வர்றாங்கன்னு எப்படிப் போடுறது?”

நான் விளக்கினேன். சட்டப்படி நாங்கள் கணவன் மனைவி, பதிவுப் பத்திரம் இருக்கிறது, இது வெறும் காகிதம், எல்லோரும் செய்வது. மாமி கடைசிவரை கேட்டார். எழுத்துப் போட்டதற்குக் கையெழுத்துக் கேட்டால் இப்போதே போடுவதாகவும், இது வேறு என்றும் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பன்னிரண்டு கடிதங்களையும் ஒரு மடிப்பு விழாமல் அடுக்கி, கோப்புக்குள் வைத்து, என் மடியில் தந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் போய் நின்றேன். அவர் பின்னால் வந்தார்.

“அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. எனக்காகவும் சொல்ல மாட்டாங்க,” என்றார்.

டொரொன்டோவில் என் சிநேகிதி ஒருத்தி, அவரை ஒரு நாளும் கண்டிராதவள், எங்கள் காதலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தந்திருந்தாள். வாசித்து அழுதேன், அவ்வளவு நல்ல எழுத்து. அதை நன்றியோடு வாங்கிக் கோப்பில் வைத்தவள் நான். இங்கே, இந்த மனிதரைத் தூக்கி வளர்த்த பெண்கள், அவருடைய விசாவுக்காகவும் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல மறுத்துவிட்டார்கள். அந்தப் பீலியடியில் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பிரமிப்பு. இப்படியும் ஒரு வீடு இருக்கிறது, அதற்கு நான் மருமகள். அப்படியென்றால் மருமகளாகவே ஆகிவிட வேண்டியதுதான்.

அம்மாவுக்கு அழைத்தேன். தாலியை இங்கேயே கட்டப் போகிறோம் என்றேன். மலைநாட்டு மாப்பிள்ளை என்றதற்கே ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தவ. ஹோலை மனதில் கட்டிக்கட்டித்தான் ஆறியிருந்தா. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ என்று கேட்டா. ஓம் என்றேன்.

“மாமியிட்டச் சொல்லு, என்னாலை வரேலாமல் போச்சு எண்டு,” என்றா அம்மா.

மாமியிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, என் அம்மா மனம் வருந்தினாரா என்பதைத்தான். நான் உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். வியாழன் ஆடி முடிகிறது. ஆவணியின் முதல் ஞாயிறு நல்ல நாள். அதற்கடுத்த புதன் என் பிளேன். ஞாயிறு என்றால் யாருக்கும் வேலை நாள் கெடாது.

பிறகு நடந்ததை நான் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கால் கழுவியதும் கோயிலுக்குப் போனார்கள். சுவர் வெள்ளையானது. எங்கிருந்தோ அண்டாக்கள் வந்தன. மாமா சனிக்கிழமை கொழும்பு பஸ்ஸிலிருந்து ஒரு வாழைக்குலையோடு இறங்கி, என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹோலுக்கும் சாப்பாட்டுக்கும் பூவுக்கும் அம்மா ஒரு வருடமாகப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தா. இங்கே ஆறு நாளில், வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு பட்டியலும் இல்லாமல் முழு லயமும் ஒரு கல்யாணத்தைக் கட்டி நிறுத்தியது.

ஞாயிறு காலை தப்பு மேளம் அடித்தார்கள். மூடுபனி கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே இல்லை. அவர் தாலி கட்டும்போது அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தது மட்டும் தெரிந்தது. படங்கள் எல்லாம் வெள்ளை. ஒன்றில் மாலை தெரிகிறது. யார் கழுத்தில் என்று சொல்ல முடியாது. அதிகாரிக்கு அனுப்ப ஒரு படம்கூடத் தேறவில்லை. எனக்குக் கவலையே வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமி என்னைப் பெண்களுக்கு நடுவிலிருந்து எழுப்பிக் கொண்டுபோய் என் கணவர் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு அந்தக் கடுதாசியை எடுக்கச் சொன்னார். வசனத்தை நாங்கள் முன்பே திருத்தியிருந்தோம். இவர்களுக்கு எங்கள் கண் முன்னால் கல்யாணம் நடந்தது, இவர்கள் கணவன் மனைவி. என் கணவர் வாசித்தார். மேசையில் பேனையை வைத்தேன். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

அப்போதும் ஒருவரும் எடுக்கவில்லை.

இனி என்ன குறை என்று எனக்குப் பழைய கோபம் எழும்பியது. தாலி கழுத்தில் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் யாரும் கடிதத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் மாமியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே பிள்ளையை அனுப்பிவிடும் காகிதம் அது. தாய்க்கு முன்னால் யார் அதில் கை வைப்பார்கள்? மூன்று கிழமையாக நான் கேட்டுக்கொண்டு திரிந்தது அதைத்தான். கேட்பது யாரிடம் என்று ஒரு தடவையும் நான் யோசிக்கவில்லை.

மாமி கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“இது போனா தம்பிய அங்க விட்டுருவாங்களா?”

“ஓம் மாமி. விடுவினம் எண்டு நினைக்கிறன்,” என்றேன்.

கறை படிந்து வெடித்த அந்த விரல்களால் பேனையைப் பிடித்தார். மலையில் அவ்வளவு வேகமாக ஓடிய கை ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று போனது. பெயரை முழுதாக எழுதினார். காயட்டும் என்று ஒருமுறை ஊதினார். எழுதியதைச் சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு போதுமா புள்ள? இல்ல இன்னொண்ணுலயும் போடவா?”

என் கணவர்தான், ஒன்று போதும் அம்மா என்றார்.