காகிதத்தில் வராத கதை

பக்கத்து வீட்டு ஹஃபீசா, ‘பொழிச்சலூர் ஹஃபீசா’ என்ற பெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள். பாதி நாள் தையல் மெஷின், மீதி நாள் பேனா. கணவர் அயூப் சவூதியில், தமாமில் ஏ.சி. மெக்கானிக். கதை வந்த இதழைத் தமாம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். பெட்டியில் எடை கூடிவிட்டதென்று அவர்கள் ஏர்போர்ட்டிலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். மூன்று கதைகள் அச்சாகியும் அவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு மனக்குறை.

2006-இல் நான்காவது கதையை ஒரு மாத இதழ் ஏற்றுக்கொண்டது. கூடவே, அச்சை நிறுத்திவிட்டோம், இனி இணையத்தில் மட்டும்தான் என்று எழுதியிருந்தார்கள். இனி அவருக்கு எதைக் கொடுத்தனுப்புவது என்று ஹஃபீசா அழுதாள். நானாவது சும்மா இருந்திருக்கலாம்; ஸ்கூல் டீச்சர் அல்லவா, எல்லாம் தெரிந்தவள். கம்ப்யூட்டரில் போடுவதெல்லாம் ஒரு பத்திரிகையா, அதை யார் படிப்பார்கள் என்று சத்தம் போட்டேன். கதையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, நானே வாசகம் சொல்லி எழுதவைத்தேன். வழக்கம்போல சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்து, பல்லாவரம் போய் நானே போஸ்ட் செய்தேன்.

நல்லவேளை, கடிதம் போய்ச் சேருவதற்குள் கதையை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். தபாலைத் தாமதப்படுத்தியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மூன்று வாரமாக ஹஃபீசா தைத்துத் தராமல் இழுத்தடித்த என் ரவிக்கையைக் கேட்டு வாங்கப் போயிருந்தேன். அப்போது அயூப் போன் செய்தார். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். அவரோடு அறையில் இருக்கும் உஸ்மான், பிரவுசிங் சென்டரில் அந்த இதழைப் பார்த்திருக்கிறார். பொழிச்சலூர் என்ற பெயர் கண்ணில் பட்டதும் அயூபை இழுத்துப்போய் உட்காரவைத்துவிட்டார்.

கதை வேறொன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து கணவன் பேசும்போதெல்லாம், நன்றாக இருப்பதாகவே சொல்லிச் சொல்லித் தன் கஷ்டத்தை விழுங்கும் ஒரு பெண்.

நாலு தடவை படித்தாராம். பிறகு குரல் தணிந்தது. அப்படியும் எனக்குக் கேட்டது.

“நா எப்ப கேட்டாலும் நல்லாக்கீறேன்னு சொல்றியே ஹஃபீசா. அதுவும் இப்படித்தானா?”

வாய்க்கு வந்தபடி நான் திட்டிய அந்தப் பத்திரிகைக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஹஃபீசா அவரிடம் சொன்னாள்.

“முதுகு ரொம்ப வலிக்குதுங்க. மூணு மாசமா உக்காந்து தைக்க முடியல.”