வண்டியை நிறுத்தாமல் போனவர்

இன்று காலை சுவாமிமலையில், பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர் கூடினோம். பேச்சு விபத்துகள் பக்கம் திரும்பியது.

அம்பாசிடர்காரர் சிரித்தபடி சொன்னார்: "வலங்கைமான் ரோட்டுல ஒரு சைக்கிள்காரனத் தட்டிட்டேன். வாய்க்கால்ல போய் விழுந்தான். நான் வண்டிய நிறுத்தவே இல்லங்க!"

நாங்களும் சிரித்தோம்.

ஃபியட்காரர் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி செத்தது, இடித்துவிட்டு நிற்காமல் போன ஒரு காரால்தான்.

"அவன் பொழச்சானா?" என்று கேட்டார்.

"யாருக்குங்க தெரியும்?"

ஃபியட்காரர் ஜாக்கிக் கம்பியை எடுத்து அம்பாசிடரின் முன்கண்ணாடியை நொறுக்கினார். தடுக்க ஓடிவந்த அம்பாசிடர்காரருக்கு வாயில் ஒரு குத்து. பல் தெறித்தது, சட்டையெல்லாம் ரத்தம். நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தோம்.

"போலீசக் கூப்பிடவா?" என்றேன். அம்பாசிடர்காரர் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாமென்று அவசரமாகத் தலையாட்டினார்.

உங்கள் விபத்துகளையும் எழுதுங்கள் நண்பர்களே. அடிபட்டவர் என்ன ஆனார் என்பதையும் சேர்த்து.